பன்னிரண்டு மண்டபங்களும் ஒரு பொய்யும்

நஸ்ரின் குடையை மடக்காமலேயே உள்ளே வந்தாள். நிலையில் இடித்துக் குடைக்கம்பி ஒன்று வளைந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

மாரி தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் அலுவலகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒரு தையற்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. இரண்டு மேசை, மூன்று கதிரை, கதவு சரியாகச் சாத்தாத ஓர் அலுமாரி. யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் தெரியும். அன்று மழையில் அதுவும் தெரியவில்லை. கீழே தையல் மெஷின்கள் ஓடுகிற அதிர்வு மட்டும் காலில் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கதிரையில் இருந்து, முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு நேரே என்னைப் பார்த்தாள்.

"சுகந்தி, ஒண்டு கேக்குறன். உண்மையைச் சொல்லு."

"என்னடி இது, பொலிஸ் விசாரணை மாதிரி?"

"வேலை தாற மெல்பேர்ண்காரங்க நாளைக்குள்ள பதில் கேக்குறாங்க. போறதா நிக்கிறதா எண்டு இண்டைக்கு முடிவெடுக்கணும். எங்கட பன்னிரண்டு கலியாண மண்டபக்காரரும் நாளுகளை எங்கட தளத்தில தாங்களாத்தானே போடுறாங்க? அப்பிடியெண்டா நான் நிக்கிறன். இல்லாட்டி…"

அவள் முடிக்கவில்லை. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை ஆறு வருடமாக யாருக்கும் சொன்னதில்லை.

இந்தத் தொடரில் எங்கள் நிறுவனத்தின் கதையை ஏழெட்டுக் கிழமையாக அளந்துகொண்டிருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "முதல் பகுதிகளில் 'நாங்கள் இருவரும்' என்று எழுதினீர்கள். இப்போது 'நான்', 'நான்' என்றே வருகிறது. மற்றவருக்கு என்ன நடந்தது?" பிடித்துவிட்டார் மனுசி. நானும் நழுவிக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கிழமை நழுவப் போவதில்லை.

நாங்கள் இருவரும்

இன்றைக்குத்தான் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நஸ்ரின் கிண்ணியாக்காரி. நான் அன்புவழிபுரம். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறை. அவள் மென்பொருள் எழுதுவாள். திரையில் எது எங்கே இருக்கவேண்டும், என்ன நிறம், என்ன சொல் என்பதெல்லாம் என் வேலை. ஆட்களோடு கதைப்பதும் என் வேலை. அவளுக்குக் கதை குறைவு. எனக்கு அது கொஞ்சம் கூட.

படித்து முடித்ததும் மற்றவர்கள் எல்லாம் கொழும்புக்குப் போக, நாங்கள் இருவரும் ஊருக்குத் திரும்பி வந்து, திருகோணமலைக் கல்யாண மண்டபங்களுக்கென்று ஓர் இணையத்தளம் செய்தோம். எந்த மண்டபம் எந்த நாளில் வெறுமையாக இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். வெயிலில் மண்டபம் மண்டபமாக அலையத் தேவையில்லை. மண்டபத்து முகாமையாளர் தன்னிடம் வருகிற பதிவுகளைத் தன் போனில் போட்டுக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவில்தான் எல்லாம் கிடந்தது.

எல்லாரும் 'ஓம்' என்றார்கள்

ஒரு பொருளைச் செய்யுமுன் அதைப் பாவிக்கப்போகிறவரிடம் கேள் என்று சொல்வார்கள். கேட்டோம். கொப்பியும் பேனையுமாகப் பதினான்கு மண்டபம் ஏறி இறங்கினோம். அதுபோக ஈச்சிலம்பற்று வரைக்கும் போனோம் என்றால் பாருங்களேன். அங்கே கல்யாணம் எல்லாம் வீட்டுப் பந்தலில்தான் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. திரும்பி வர பஸ் இல்லை. ஒரு வயற்காரரின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் நெல்மூட்டைக்கு மேலே இருந்து பெரிய ரோட்டு வரைக்கும் வந்து சேர்ந்தோம். நஸ்ரின் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். உடுப்பெல்லாம் உமி.

போன மண்டபங்களிலெல்லாம் ஒரே மாதிரி நடந்தது. "வாங்கோ பிள்ளையள், இருங்கோ." பிளேன் டீ வரும். பிஸ்கட் வரும். நான் படங்களைக் காட்டி விளங்கப்படுத்துவேன். "இப்பிடி ஒண்டு செய்தால் பாவிப்பீங்களோ?"

"ஓம் ஓம், கட்டாயம். நல்ல விசயம்தானே."

பதினான்கு பேரும் ஓம். நஸ்ரின் கொப்பியில் பதினான்கு சரி போட்டாள். எங்களுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. எட்டு மாதம் இருந்து செய்தோம்.

செய்து முடித்துக் கொடுத்தால் ஒருவரும் தொடவில்லை.

அட கோதாரி என்று தலையில் கை வைத்தபோதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. வெயிலில் நடந்து வந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கு முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஏலாது. அப்படிச் சொல்வதென்றால் ஒன்றில் கோபம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெருங்கிய உறவு இருக்க வேண்டும். அவர்கள் எங்களுக்குத் தந்தது மரியாதை. நாங்கள் அதைத் தேவை என்று எழுதி வைத்துக்கொண்டோம்.

இப்போது யாராவது இளம் ஆட்கள் புதிதாக ஒன்று தொடங்கப்போகிறோம் என்று என்னிடம் வந்தால் நான் சொல்வது இதைத்தான். 'செய்தால் பாவிப்பீர்களா' என்று கேட்கவே கேட்காதீர்கள். 'போன ஆவணியில் ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுத்துச் சண்டை வந்ததா? அன்றைக்கு என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது ஆட்கள் மரியாதையை மறந்துவிடுவார்கள்.

கறுப்பு நாள்கள்

எங்கள் முதல் மண்டபத்தின் முகாமையாளர் மனோகரன் அண்ணை. தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் பெரிது, கோபமும் பெரிது. அவருக்கு நான் தலைவணங்க வேண்டும். எங்களுக்கு முதன்முதலில் ஏசியவர் அவர்தான்.

நாட்காட்டியைத் திறந்து காட்டினேன். பதிவான நாள்கள் கறுப்பு, வெறும் நாள்கள் வெள்ளை. சோக்காக இருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டு நின்றேன்.

"இதென்ன பிள்ளை விசர் வேலை? கலியாண நாளைக் கறுப்பிலயோ போடுறது?"

எனக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்கே எல்லாவற்றையும் மஞ்சளாக மாற்றினேன். அதோடு விட்டாரா? பெண் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் 'ரத்து' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன்.

"நல்ல காரியத்துக்குப் பக்கத்தில இப்பிடி எழுதி வைச்சிருக்கிறியள். நான் அதில கை வைக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

கிண்ணியா மண்டபத்து ஜவ்பர் நானாவிடம் போனால் அவரும் அதே கதை. "அந்தச் சொல்லு வேணாம் மகள்." கோயிலும் பள்ளிவாசலும் வேறு என்றாலும் இதில் இருவரும் ஒரே கட்சி. மனோகரன் அண்ணையின் பதிவுக் கொப்பியைப் பிறகு வடிவாகப் பார்த்தேன். ஒரு கல்யாணம் தள்ளிப்போனால் அவர் வெட்டுவதில்லை. அந்தப் பெயருக்கு மேலே அளவாக ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிடுவார். நாங்கள் பொத்தானை 'வேறு நாள்' என்று மாற்றினோம்.

பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு குடும்பம் வரும். மூன்று நாள் கேட்கும். சாத்திரியார் இன்னும் நாள் குறித்துத் தரவில்லை, அல்லது மாப்பிள்ளையின் அண்ணனுக்கு லண்டனில் லீவு கிடைக்கவில்லை. "இப்போதைக்குச் சொல்லி வைப்பம்" என்றுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நாள் பதிவும் இல்லை, வெறுமையும் இல்லை. முகாமையாளர் அதைத் தன் தலைக்குள் வைத்திருப்பார். எங்கள் தளத்தில் அதற்கு இடமே இல்லை.

"சொல்லி வைச்சதுக்கு ஒரு நிறம் வேணும்" என்றேன்.

"விசரா உனக்கு? ஒண்டில் பதிவு, இல்லாட்டி வெறும் நாள். மூண்டாவது ஒண்டு வந்தா எல்லாத்தையும் திருப்பி எழுதணும்" என்றாள் நஸ்ரின்.

இரண்டு நாள் இருவரும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நான் வந்தபோது நாட்காட்டியில் இளமஞ்சளாக ஒரு நாள் இருந்தது. அவள் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். "பாத்தாச்சா? இனி வாயை மூடு" என்றாள்.

எங்கள் தளத்தில் ஆட்களுக்கு உண்மையில் பிடித்திருந்தது அந்த இளமஞ்சள் ஒன்றுதான். எனக்கு அந்த இரண்டு நாள் சண்டைதான் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள், நல்லவர்கள். ஆனால் நான் ஒன்று சொன்னால் "சரி அக்கா" என்றுவிடுகிறார்கள். 'விசரா உனக்கு' என்று கேட்க ஆள் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு மனம் எப்படி ஏங்கும் என்று முன்னர் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"பிறகு போடுறன்"

நிறம் மாற்றினோம், சொல் மாற்றினோம். பதினான்கில் பன்னிரண்டு மண்டபம் சேர்ந்தது. ஆனாலும் நாள்களை ஒருவரும் போடவில்லை.

"ஆக்கள் முன்னால இருக்கேக்க நான் போனை நோண்டிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பினம்? பிறகு போடுறன்" என்றார் மனோகரன் அண்ணை. பிறகு அடுத்த குடும்பம் வரும். பிறகு சமையற்காரர் வருவார். பிறகு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் 'பிறகு' வந்ததே இல்லை.

ஒரு நாள் விடிய எட்டரைக்கு வீட்டிலிருந்து அவருக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, நேற்று ஆரும் வந்தவையோ?"

"ஓம் தங்கச்சி, ரெண்டு பேர் வந்தவை. ஒண்டு மூதூர்ப் பக்கம்…" என்று தொடங்கி முழுக்கதையும் சொன்னார். நான் அவருடைய கணக்கில் நுழைந்து நானே போட்டுவிட்டேன். ஒரு உதவிதானே என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிழமை மூன்று பேருக்கு எடுத்தேன். ஒரு மாதத்தில் பன்னிரண்டு பேருக்கும். அன்புவழிபுரத்து வீட்டு விறாந்தையில் மடிக்கணினியும் தேநீருமாக இருந்து ஒவ்வொருவராகக் கதைப்பேன். யாருடைய மகளுக்கு யார் மாப்பிள்ளை, எந்த மாமா இன்னும் முகம் கொடுக்கவில்லை, எந்தக் குடும்பத்துக்குச் சைவச் சாப்பாடு, எல்லாம் எனக்குத் தெரியும். ஜவ்பர் நானா நாளைச் சொல்லி முடித்துவிட்டுத் தன் முழங்கால் நோவையும் சொல்லுவார். பத்து மணிக்கு நான் ஓர்ஸ் ஹில்லுக்கு வர, கிண்ணியா பஸ்ஸில் நஸ்ரினும் வந்து சேர, திரை முழுக்க மஞ்சள் பூத்திருக்கும்.

முதன்முதலில் அப்படிக் கண்டபோது அவள் கைதட்டினாள். "பாத்தியாடி! போடத் தொடங்கிட்டாங்க!"

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அடுத்த நாள் அவள் உம்மா செய்த வட்டிலப்பம் கொண்டு வந்தாள். வெட்கமில்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்த நாள்களில் உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் எங்களைப் போலத் தொடங்கியவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர் ஏதேதோ வரைபடம் காட்டினார். எல்லாம் மறந்துவிட்டது, ஒரு வசனத்தைத் தவிர. "ஆட்கள் தாங்களாகத் திரும்பி வராவிட்டால் உங்களிடம் இருப்பது பொருள் இல்லை, உங்கள் ஆசை." நஸ்ரின் அதைத் தடித்த எழுத்தில் எழுதி அலுமாரியில் ஒட்டினாள். அதற்குப் பிறகு நான் அலுமாரிக்கு முதுகு காட்டித்தான் இருந்தேன்.

அப்போதுதான் மெல்பேர்ண் வேலை வந்தது.

வியாழக்கிழமை

இப்போது அந்த அறைக்குத் திரும்புகிறேன். மழை. அவள் கேட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு பேரும் தாங்களாகத்தானே போடுகிறார்கள்?

நான் பொய் சொன்னது நிறுவனத்துக்காக என்று நிறையக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். அவள் இல்லாத அந்த அறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பத்து மணிக்கு அந்தக் கதவு திறக்காது, மத்தியானம் இரண்டு பேருமாகச் சோற்றுப் பார்சலைப் பிரிக்க மாட்டோம் என்று நினைக்கவே பயந்தேன். இல்லை என்றால் போய்விடுவேன் என்கிறாள். வேறென்ன சொல்வது?

"ஓம்" என்றேன். "எல்லாரும் தாங்களாத்தான் போடுகினம்."

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பதினான்கு மண்டபத்தில் ஓம் வாங்கி ஏமாந்தவள், அதே ஓமை எடுத்துக் கூட இருந்தவளுக்கே கொடுத்தேன்.

அவள் குடையை எடுத்து வளைந்த கம்பியை நிமிர்த்தினாள். பிறகு "சரி" என்றாள்.

நான் துள்ளிக் குதிக்காத குறை. மழையிலேயே கீழே ஓடிப்போய் மூலைக்கடையில் சூடாக ரோல்ஸ் வாங்கி வந்தேன். அவள் ஒன்றில் பாதி சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்து, நின்றபடியே சொன்னாள். "நான் போறன் சுகந்தி. வீட்டில எல்லாரும் போகச் சொல்றாங்க."

"நேற்றுத்தானே நிக்கிறன் எண்டு சொன்னனீ!"

"சொன்னன்தான்."

நான் விடவில்லை. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். வாக்கு மாறுகிறவள் என்றேன். வெளிநாட்டு ஆசை கண்ணை மறைக்கிறது என்றேன். அவள் தன் மடிக்கணினியைப் பைக்குள் வைத்து, வயரை வடிவாகச் சுற்றி, அதையும் வைத்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன்.

ஒரு மாதத்தில் போனாள். எந்த நாள், எத்தனை மணிக்கு வான் கிண்ணியாவிலிருந்து வெளிக்கிடுகிறது என்று எனக்கு ஆள் விட்டுச் சொன்னாள். நான் போகவில்லை. அந்த நேரத்தில் அறையில் இருந்து திரையில் ஒரு பொத்தானை இடப்பக்கமும் வலப்பக்கமுமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அவளுடைய நம்பரைப் போனிலிருந்து அழித்தேன். அது எனக்கு மனப்பாடம். ஆனாலும் அழித்தேன்.

நான் எடுக்காத காலை

அவள் போய்ச் சில மாதத்தில் தளம் நொண்டத் தொடங்கியது. திருத்த ஆள் இல்லை. ஒரு நாள் விடிய, இழுத்து மூடுவோம் என்று முடிவெடுத்தேன். எட்டரை ஆனது. ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்பதுக்குக் கிட்ட என் போன் அடித்தது. மனோகரன் அண்ணை.

"என்ன தங்கச்சி, சுகமில்லையே? ஏன் இண்டைக்கு எடுக்கேல்ல?"

"தளத்தை மூடப்போறன் அண்ணை. அதுதான்…"

"தளமோ? அதை நான் பார்த்தே கனகாலம். அது கிடக்கட்டும். நீர் எடுத்துக் கேட்டால்தானே எனக்கு ஆர் வந்தது, ஆர் சொல்லி வைச்சது எண்டு ஒழுங்கா ஞாபகம் வருது. நேற்று மூண்டு பேர் வந்தவை. எழுதும்."

அவர் போனை வைக்க, ஜவ்பர் நானா எடுத்தார். பத்து மணிக்குள் ஏழு மண்டபத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். தளத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஏழு பேரும் தாங்களாகத் திரும்பி வந்திருந்தார்கள், என் குரலைத் தேடிக்கொண்டு. நான் வெட்கப்பட்டு விறாந்தையில் ஒளித்துச் செய்த வேலைதான் அவர்களுக்கு வேண்டிய பொருள். அது தெரியாமல் நான் அதைக் களவு மாதிரிச் செய்துகொண்டிருந்தேன்.

இன்றைக்கு எங்கள் நிறுவனம் அதுதான். ஆறு பெண்கள் விடிய எட்டரைக்கு மண்டபங்களுக்குப் போன் எடுக்கிறார்கள். கேட்கிறார்கள், போடுகிறார்கள், இரண்டு குடும்பத்துக்கு ஒரு நாள் போகாமல் பார்க்கிறார்கள். மட்டக்களப்பு, வவுனியா வரைக்கும் போய்விட்டோம். நோய்க்காலத்தில் மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோதும் எட்டரைக்கு எடுத்தோம். போடுவதற்கு ஒரு நாளும் இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கதைத்தார்கள்.

அந்தக் காலை, ஏழாவது ஆள் போனை வைத்தவுடன் யாருக்குச் சொல்ல மனம் ஓடியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நம்பரை முழுதாக அழுத்தினேன். அடிக்க முன்னம் வைத்துவிட்டேன். வாக்கு மாறிப் போனவளுக்கு நான் ஏன் எடுக்க வேண்டும்? அந்தக் கோபத்தை ஆறு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். நடுவில் எத்தனையோ தரம் அவளை மனம் தேடியது. தேடும்போதெல்லாம் கோபத்தைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டேன்.

போன மாதம்

எங்களிடம் வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி கிண்ணியா மண்டபத்துக்கு எடுத்துக் கேட்டுக் குறிப்பு எழுதியிருந்தாள். 'மாப்பிள்ளையின் ராத்தா (அக்கா) மெல்பேர்ணிலிருந்து வரவேண்டும். அவருக்கு லீவு கிடைக்கும்வரை நாள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.' மாப்பிள்ளையின் வாப்பா பெயரைப் பார்த்தேன், நஸ்ரினின் வாப்பாவேதான். ஜவ்பர் நானாவிடம், வந்தால் ஒருக்கால் ஓர்ஸ் ஹில்லுக்கு வரச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

வந்தாள். கன்னம் கொஞ்சம் வற்றியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். எங்கள் அலுவலகம் இப்போது ஒரு சின்ன வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளின் மேசைகளுக்கு நடுவில் நின்று, அவர்கள் எழுதுவதைப் பார்த்து, "சோக்கா இரிக்குடி" என்றாள். அவ்வளவு நேரமும் நான் அவளைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

பின்னேரம் பிள்ளைகள் போனபிறகு சொன்னேன். "நஸ்ரின், அண்டைக்கு நான் பொய் சொன்னனான். ஒருத்தரும் போடேல்ல. நான்தான் போட்டனான்."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ போட்டது. முதல் மாசமே தெரியும். ஆர் எந்த நேரம் எங்க இருந்து உள்ளுக்கு வந்தாங்க எண்டு நான் எழுதின தளம் எனக்குக் காட்டாதா? கிண்ணியா மண்டபக்காரரும் மூதூர் மண்டபக்காரரும் ஒரே கணினியில, அதுவும் அன்புவழிபுரத்தில இருந்தா நாள் போடுவாங்க? நீ போன் எடுத்துக் கேக்குறதை ஜவ்பர் நானா சொன்னார்."

"தெரிஞ்சுகொண்டு பின்ன ஏன் கேட்டனீ? எனக்குப் பரீட்சையோ வைச்சனீ?" குரல் என்னை அறியாமல் உயர்ந்துவிட்டது.

"ஓம். வைச்சிருக்கக் கூடாது. அது என்ட பிழை. ஆறு வருசமா நினைக்கிறன்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஆனா நீ சொல்லுவா எண்டு நம்பித்தான் வந்தன். மெல்பேர்ணுக்கு வரமாட்டனெண்டு கடிதம் எழுதி வைச்சிட்டு வந்தன் சுகந்தி. அனுப்புறதுதான் மிச்சம். நீ ஒவ்வொரு நாளும் விடியப் போன் எடுக்கிற வேலையையே எங்கட தொழிலாக்குவம் எண்டு சொல்ல வந்தன். நீ மட்டும், 'இல்லடி, நான்தான் போடுறன்' எண்டு சொல்லியிருந்தா, நான் நிண்டிருப்பன்."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். தேநீர் போடப் போகிறேன் என்றுதான் சொன்னேன். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

அவள் பின்னால் வந்து நின்றாள். "என்னோட இன்னும் கோவமா?"

"இவ்வளவு காலமும் உன்னில கோவமா இருந்தனான். அது இருந்தபடியா ஒருமாதிரி இருந்திட்டன்" என்றேன். "இனி நான் ஆரில கோவிக்கிறது?"

என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளுக்குக் கிண்ணியா பஸ் ஐந்து மணிக்கு, விமானம் ஞாயிற்றுக்கிழமை. நாலே முக்கால் வரைக்கும் இருவரும் அந்தக் குசினியிலேயே நின்றோம்.